இல்லம் புகுந்த ஆமைக்குஞ்சு

(பெற்றோர்க்கும் சிறார்க்கும் ஓர் அறப்பாடம்)



சென்ற ஐப்பசித் திங்களில் மூன்று நாள் விடாது பெய்த அடைமழை ஓய்ந்த காலைப்பொழுதில், எம் இல்லத்துப் பின்கட்டில், துணி துவைக்கும் கல்லின் ஓரமாய் ஆமைக்குஞ்சு ஒன்று காணப்பட்டது. எலுமிச்சம்பழத்தை இரண்டாக அரிந்து கவிழ்த்து வைத்தாற்போன்ற அளவுதான். விடுமுறைக்கு வந்திருந்த பேரன் முதலில் கண்டான். "பாட்டி, ஓடி வாயேன்!" என்று அவன் எழுப்பிய குரலுக்கு அண்டை வீட்டாரும் வந்து கூடினர்.

கூடியவர்கள் ஆளுக்கொரு வழி கூறினர். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது, துடைப்பத்தால் வெளியே தள்ளுங்கள்" என்றார் ஒரு மூதாட்டியார். "கண்ணாடிக் கிண்ணத்தில் நீர் நிரப்பிக் கூடத்தில் வையுங்கள், செல்வம் சேரும்" என்றார் நகரத்திலிருந்து வந்த உறவினர். "கிணற்றில் விட்டால் தண்ணீர் சுத்தமாகும்" என்றார் வயல்வேலைக்கு வந்தவர். "நானே வளர்க்கிறேன், பாட்டி" என்றான் பேரன். நால்வரும் நான்கு வழி கூறினர். ஆமை செல்ல விரும்பும் வழி யாதென ஒருவரும் வினவவில்லை.

மழைக்காலத்தில் ஏரி, குளம், வாய்க்கால்களுக்கு அண்மையிலுள்ள நம் ஊர் இல்லங்களில் இந்நிகழ்ச்சி எப்போது வேண்டுமாயினும் நேரலாம். அவ்வேளையில் உயிரிரக்கம் உடைய நாம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? இதனை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

அச்சமும் ஆசையும்

நற்காட்சிக்குத் தடையாய் நிற்கும் மூன்று மூடங்களுள் உலக மூடமும் ஒன்று என்பதை நாம் அறிவோம். ஆமை புகுந்தால் குடி கெடும் என அஞ்சுவதும், ஆமையை வைத்தால் செல்வம் பெருகும் என ஆசைப்படுவதும் அம்மூடத்தின் இரு பக்கங்களே. வீட்டின் ஆக்கமும் கேடும் அவரவர் செய்த வினையின் வழிப்பட்டவை. வழி தவறி வந்த ஓர் ஊர்வனவின் காலடியில் அவை இல்லை. பழமொழியில் வரும் ஆமை பொறாமை, கல்லாமை, முயலாமை ஆகியவற்றைக் குறிக்கும் எனப் பொருள் கூறுவாரும் உளர். அப்பொருளை ஏற்பின் பழமொழியால் தீங்கில்லை.

நமக்கோ ஆமை அயலானது அன்று. இருபதாம் தீர்த்தங்கரராகிய ஸ்ரீ முனிசுவிரத பகவானின் இலாஞ்சனம் ஆமையே. அவர்தம் திருவுருவத்தின் பீடத்தில் அதனைக் கண்டு நாள்தோறும் கைகூப்புகிறோம். நம் மரபினர் குந்தகுந்தாசாரியர் அருளியதாகப் போற்றும் திருக்குறளில், அடக்கமுடைமை அதிகாரத்தில், ஐம்புலன்களையும் அடக்கி வாழ்தலுக்கு ஆமையே உவமையாக வந்துள்ளது. பீடத்தில் கண்டு வணங்கும் ஒன்றைப் பின்கட்டில் கண்டு துடைப்பம் எடுப்பது பொருந்துமா?

ஆமை எத்தகைய உயிர்?

ஆமை ஐம்பொறிகளும் அமைந்த உயிர். முட்டையினின்று பிறத்தலின் அண்டஜம். அதன் ஓடு நாம் அணியும் சட்டையைப்போலக் கழற்றத்தக்கது என்று சிறுவர் சிலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. முதுகெலும்பும் விலா எலும்புகளும் விரிந்து ஒன்றோடொன்று இணைந்தே மேலோடு ஆயிற்று. உயிருள்ள எலும்பாகிய அதற்குக் குருதியோட்டமும் உணர்ச்சியும் உண்டு. ஓட்டின் விளிம்பில் துளையிட்டுக் கயிறு கோத்து இழுத்து விளையாடும் சிறுவர், விலா எலும்பு சார்ந்த உறுப்பையே துளைக்கின்றனர் என்பதை அறியார், அறிந்தால் செய்யார்.

ஆமைக்குத் தன்னுடலில் வெப்பத்தை உண்டாக்கி நிலைநிறுத்தும் ஆற்றல் இல்லை. வெயிலில் காய்ந்து சூடு பெறும். சூடு மிகுந்தால் நிழலிலோ நீரிலோ சேற்றிலோ புகும். ஆதலின் வெயிலுக்கும் நிழலுக்கும் தானே மாறிச்செல்ல இடமில்லாத பாத்திரம் அதற்குச் சிறையேயாகும்.

தாய் ஆமை கரைமேட்டிலோ, வயல் வரப்பிலோ, தோட்டத்து மண்ணிலோ குழி பறித்து முட்டையிட்டு மூடிவிட்டுச் சென்றுவிடும், குஞ்சைப் பேணுவதில்லை. மழையால் மண் இளகும் காலத்தில் குஞ்சுகள் வெளிவந்து நீரைத் தேடி நகர்கின்றன. ஆகவே, தாயைப் பிரிந்துவிட்டதே என இரங்கி அதனை எடுத்து வளர்க்க வேண்டிய தேவை இல்லை. முட்டையை விட்டு வெளிவந்த நாளிலிருந்தே தனித்து வாழ்வதற்கு வேண்டிய அறிவோடு அது பிறக்கின்றது.

அடையாளம் காணும் முறை

பீடத்திலுள்ள இலாஞ்சனத்தைக் கண்டு இன்ன தீர்த்தங்கரர் எனத் தெளிகிறோம். அதுபோல, ஆமையின் ஓட்டையும் காலையும் நோக்கி அதன் இனத்தைத் தெளிய வேண்டும். இத்தெளிவு இன்றியமையாதது. நிலத்தில் வாழும் ஆமையை நீரில் விட்டால் மூழ்கி இறக்கும்; குளத்து ஆமையைக் காய்ந்த பெட்டியில் நெடுநேரம் வைத்தால் வாடும். அறியாது செய்த உதவி கொலையாய் முடியும்.

முதலில் கால்களைப் பார்க்க வேண்டும். விரல்களுக்கிடையே சவ்வு இருப்பின் அது குளம், ஏரி, வாய்க்கால்களில் வாழ்வது. யானையின் கால்போல் திரண்டு, சவ்வின்றி இருப்பின் நிலத்து ஆமை. விரல் பிரியாது துடுப்புபோல் தட்டையாய் இருப்பின் கடல் ஆமை. இதன்பின் ஓட்டைப் பார்க்கலாம்.

பாலாமை: நம் ஊர்ப்புறங்களில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. மேலோட்டின்மீது கட்டம் கட்டமான தகடுகள் இரா. மெல்லிய தோல் போர்த்து வழவழப்பாய் இருக்கும். மூக்கு சிறு குழல்போல் முன்னே நீண்டிருக்கும். ஒவ்வொரு காலிலும் மூன்று நகங்களே வெளிப்படும். மெல்லத் தூக்கி அடிப்புறம் நோக்கினால், பின்னங்கால்களை மூடிக்கொள்ளும் இரண்டு தோல் மடல்கள் தெரியும். கோடையில் குளம் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். மழை பெய்தவுடன் வெளிவந்து, தரைவழியே நடந்து வேறு நீர்நிலைக்கும் செல்லும். வீடுகளுக்குள் இது வழிதவறி வருவதற்குக் காரணம் இந்நடையே.

கருப்பு ஆமை: ஓடு கடினமாய், கருமை அல்லது கரும்பழுப்பு நிறமாய் இருக்கும். முதுகின்மேல் நீளவாட்டில் மூன்று மேடுகள் வரிசையாகச் செல்லும். இதுவே சிறந்த அடையாளம். விரல்களுக்கிடையே சவ்வு உண்டு. இதுவும் நன்னீரில் வாழ்வது; பகலினும் அந்தியிலும் இரவிலும் மிகுதியாக நடமாடுவது.

நட்சத்திர ஆமை: நிலத்தில் வாழ்வது. ஓடு மாடம்போல் உயர்ந்திருக்கும். கருநிறத் தகடு ஒவ்வொன்றிலும் நடுவிலிருந்து மஞ்சள் கோடுகள் கதிர்போல் விரியும். குஞ்சிடம் கோடுகள் குறைவாகவும் அகலமாகவும் இருக்கும். வளர வளரப் பெருகும். புல், இலை, பூ, பழம் ஆகியவற்றையே பெரிதும் உண்டு முட்புதர்க் காடுகளில் வாழும். இதனை நீரில் விடுதல் ஒருபோதும் கூடாது.

கடல் ஆமை: கடற்கரைக்கு அண்மையில் வாழ்வோர் இதனைக் காணக்கூடும். சென்னைக் கரைக்கு வந்து முட்டையிடுவது பெரும்பாலும் பங்குனி ஆமை எனப்படும் இனமாகும். குஞ்சுகள் இரவில் வெளிவந்து, கடல்மீதுள்ள வெளிச்சத்தை நோக்கிச் செல்லும் இயல்புடையன. தெருவிளக்கின் ஒளி மிகுந்த இடங்களில் மயங்கி ஊருக்குள் வந்துவிடுகின்றன. சென்னையில் மாணவர்கள் ஒன்றுகூடி 1988ஆம் ஆண்டு முதல் இரவு நேரங்களில் கடற்கரையில் நடந்து முட்டைகளைக் காத்து வருகின்றனர். குஞ்சைக் கண்டவர் அதனை வாளி நீரில் இடாமல், ஈரமணல் பரப்பிய தட்டில் வைத்து வனத்துறையினர்க்கோ இத்தகைய தொண்டர்க்கோ உடனே தெரிவிக்க வேண்டும்.

சிவப்புக் காது ஆமை: கண்ணுக்குப் பின்னே சிவந்த பட்டை உடையது, குஞ்சு பச்சை நிறமாய் இருக்கும். அமெரிக்க நாட்டைச் சேர்ந்த இவ்வினம் இங்கே கடைகளில் விற்கப்பட்டு, வளர்ந்தபின் விரும்பாதவரால் குளங்களில் விடப்படுகின்றது. இது மிகப் பெருகி, நம் நாட்டு ஆமைகளின் உணவையும் இடத்தையும் கவர்ந்துகொள்ளும். ஆதலின் இதனை மட்டும் குளத்தில் விடலாகாது. வனத்துறையினர் கூறும் வழியில் ஒப்படைக்க வேண்டும்.

எம் வீட்டிற்கு வந்த குஞ்சின் மூக்கு குழல்போல் நீண்டிருந்தது. அடியில் இரு மடல்கள் தெரிந்தன. பாலாமை எனத் தெளிந்தோம்.

அந்த ஒரு நாள்

கண்டவுடன் செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் கூறுகின்றோம்.

1. நாய், பூனை, காகம் ஆகியவற்றை அகற்றுக. குஞ்சின் உடன்பிறப்புகளும் அருகே இருக்கலாம். ஆதலின் தோட்டத்தில் கால்வைக்கும் இடம் நோக்கி நடக்க வேண்டும். அன்று மண்வெட்டி எடுத்தல் கூடாது.

2. ஓட்டின் இரு பக்கங்களையும் விரல்களால் மெல்லப் பற்றித் தூக்குக. வாலையோ காலையோ பிடித்துத் தூக்கலாகாது. மல்லாத்தி வைத்தலும் ஆகாது. ஆமையின் நுரையீரல் மேலோட்டை ஒட்டி அமைந்திருத்தலின், மல்லாத்தினால் பிற உறுப்புகளின் பாரம் அதன்மேல் அழுந்தி மூச்சு முட்டும்.

3. அடிவயிற்றின் நடுவில் மஞ்சட்கரு ஒட்டியிருந்தாலோ சிறு பிளவு தெரிந்தாலோ, அது அண்மையில் பிறந்த குஞ்சு எனக் கொள்க. அவ்விடத்தைத் தொடாது ஈரத்துணியின்மேல் விடுக.

4. குளத்து ஆமையாயின் அகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் ஈரத்துணி அல்லது ஈரமண் பரப்பி, ஒரு பக்கம் ஓட்டின் பாதி நனையும் அளவே நீர் விடுக. தொட்டியை நிரப்பினால் ஏறி இளைப்பாற இடமின்றிக் குஞ்சு களைத்து மூழ்கும். நிலத்து ஆமையாயின் காய்ந்த அட்டைப்பெட்டியில் வைக்கோல் போதும். எதனையும் வெயிலில் வைக்கலாகாது.

5. பால் ஊற்றலாகாது. ஆமைக்குப் பால் உணவன்று, அது செரிக்காது. மஞ்சள், குங்குமம், வண்ணம் முதலியன ஓட்டில் பூசலாகாது.

6. தலையை வெளியே நீட்டச் செய்யவேண்டிச் சிறுவர் ஓட்டைத் தட்டுவர். அது தலையை உள்ளிழுத்திருப்பது அச்சத்தால். அமைதியாக இருந்தால் தானே வெளிவரும்.

7. தொட்டபின் கையைச் சோப்பிட்டுக் கழுவுக. ஆமையின் உடலில் வயிற்றுப்போக்கு, காய்ச்சல் உண்டாக்கும் சால்மோனெல்லா என்னும் நுண்ணுயிர் இருக்கக்கூடும். சிறு குழந்தைகள் ஆமையை வாயில் வைத்து நோயுற்ற காரணத்தால், அமெரிக்க நாட்டில் நான்கு அங்குலத்திற்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளை விற்பது 1975ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது.

8. ஓடு உடைந்தோ, காலில் குருதி கசிந்தோ இருப்பின் நாமே மருந்திடாது கால்நடை மருத்துவரிடமும் வனத்துறையினரிடமும் காட்டுக. காயமில்லாத குஞ்சு நம் இல்லத்தில் ஓர் இரவுக்கு மேல் தங்க வேண்டியதில்லை.

உணவு என்னும் இக்கட்டு

இனி, நம் போன்றோர்க்கே உரிய சிக்கல் ஒன்றைக் கூறவேண்டும். பாலாமையும் கருப்பு ஆமையும் நீர்ப்பாசி, இலை போன்றவற்றை உண்ணினும் அவற்றோடு நில்லா. நத்தை, புழு, பூச்சி, தலைப்பிரட்டை, சிறுமீன் ஆகியனவும் அவற்றின் இயற்கை உணவு. வளர்ப்போம் எனத் துணிந்த சிராவகர் என் செய்வார்? நத்தையைக் கொணர்ந்து இட்டால் ஈரறிவுயிரைக் கொல்வித்தவர் ஆவார். சோறும் கீரையும் மட்டும் இட்டால், தாம் எடுத்த உயிரைப் பட்டினியால் தேய்த்தவர் ஆவார்.

இரண்டாம் பிழையை யாமே செய்துள்ளோம். 1975ஆம் ஆண்டு, யாம் ஆசிரியப் பணியேற்ற தொடக்கக் காலம். பயிற்சிப் பள்ளியில் கற்ற 'கண்டு கற்றல்' முறையில் மிகுந்த ஆர்வம் கொண்டிருந்தோம். மாணவர் வாய்க்காலில் கண்டெடுத்த கருப்பு ஆமைக்குஞ்சு ஒன்றை வகுப்பறையில் கண்ணாடித் தொட்டியில் வைத்தோம். நீர்வாழ்வன பற்றிய பாடம் அதனால் சிறந்தது. ஆய்வுக்கு வந்த அலுவலர் பாராட்டி எழுதிச் சென்றார். உயிர் கொன்று ஊட்டலாகாது என்பதால் சோற்றுப் பருக்கை, கீரை, வெள்ளரித் துண்டு இவற்றையே நாள்தோறும் இட்டோம். வகுப்பறைக்குள் வெயில் வரவில்லை. அது வேண்டும் என்பதையும் அறிந்திலோம்.

நான்கு திங்களில் அதன் கண்ணிமைகள் வீங்கி மூடின. கல்போல் இருந்த ஓடு, நீரில் ஊறிய நகம்போல் மென்மையாயிற்று. தக்க உணவும் வெயிலும் இல்லாமையால் எலும்பு உரம் பெறாது போயிற்று என்பதைப் பின்னாளில் கற்றறிந்தோம். ஒரு திங்கட்கிழமை காலை அது அசையவில்லை. பிள்ளைகள் வேப்பமரத்தடியில் புதைத்தனர். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எம்மை நிமிர்ந்து பார்த்து, "டீச்சர், நாம் அதற்கு நல்லதுதானே செய்தோம்?" என்று கேட்டாள். அன்று விடை கூற எமக்கு இயலவில்லை. ஐம்பது ஆண்டுகளாகியும் அக்கேள்வி நெஞ்சை விட்டு நீங்கவில்லை. இவண் இதனை எழுதுவதும் ஒருவகைப் பிரதிக்கிரமணமே.

விடை நம் அறநூல்களிலேயே இருந்தது; யாம்தான் அதனை ஆமையோடு பொருத்திப் பார்க்கவில்லை. கொல்லாமை என்னும் அணுவிரதத்திற்கு அதிசாரங்கள் ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரம் வகுத்துக் கூறுகின்றது. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. இவ்வைந்தையும் மாட்டோடும் குதிரையோடும் பொருத்தியே நாம் கற்பித்து வந்துள்ளோம். சிறு ஆமைக்கும் அவை பொருந்துமாற்றை நோக்குக. தொட்டியில் அடைத்தல் கட்டுதல். தலை நீட்டுமாறு ஓட்டைத் தட்டல் அடித்தல். ஓட்டைத் துளைத்துக் கயிறு கோத்தல் உறுப்பறுத்தல். மல்லாத்தி அதன் உடற்பாரத்தையே அதன்மேல் ஏற்றி வேடிக்கை பார்த்தல் மிகுபாரம். இயற்கை உணவு கிடைக்கும் இடத்திலிருந்து பிரித்தல் உணவைத் தடுத்தல். அன்பினால் செய்தோம் என்பதால் இவை அதிசாரம் ஆகாமல் போவதில்லை. யாம் அன்பினால்தான் அடைத்தோம்.

"குளத்தில் விட்டால் அது நத்தையைத் தின்னுமே, அந்தப் பாவம் நம்மைச் சேராதா?" என்று பேரன் கேட்டான். நல்ல வினா. செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்று வழியாலேயே வினை நம்மை வந்து பற்றும். குளத்தில் வாழும் ஆமை தன் பிறவிக்கு ஏற்ற உணவைத் தானே தேடிக்கொள்கின்றது. அதில் நம் செயல் இல்லை, ஏவல் இல்லை, விருப்பமும் இல்லை. அதனை நம் வசப்படுத்திக்கொண்டபோதுதான் அதன் உணவும் பட்டினியும் நம் பொறுப்பாகின்றன. அதனைத் தன் நீருக்குத் திரும்பச் சேர்த்தால் இவ்விரு பிழையினின்றும் விலகுகின்றோம்.

ஓர் இரவில் அது பசியால் இறந்துவிடுமோ என அஞ்ச வேண்டா. அப்போது பிறந்த குஞ்சின் வயிற்றில் முட்டைக்கருவின் எச்சம் சில நாளைக்கு உணவாய் இருக்கும். ஆகவே அவ்வொரு நாளில் எதனையும் ஊட்ட வேண்டியதில்லை.

எங்கே விடுவது?

நம் இல்லங்களில் நீரை வடிகட்டியே பயன்படுத்துகிறோம். வடித்த துணியைச் சாக்கடையில் உதறுவதில்லை. துணியில் தங்கிய நுண்ணுயிர்கள் எந்தக் கிணற்று நீரிலிருந்து வந்தனவோ அந்தக் கிணற்றிலேயே சேருமாறு துணியைத் திருப்பி நீர் ஊற்றி விடுதல் நம் முன்னோர் வகுத்த முறை. ஒரு நீரின் உயிர் வேறு நீரில் வாழாது போகலாம் என்பதே அதன் கருத்து. கண்ணுக்குத் தெரியாத உயிர்க்கே இத்துணைக் கருத்துடையோமாயின், கண்ணெதிரே நிற்கும் ஆமைக்கும் அம்முறையே ஏற்றதன்றோ?

ஆகவே, எந்த ஏரி அல்லது குளத்தின் அருகே கண்டெடுத்தோமோ அதிலேயே விடவேண்டும். பெரிய ஏரி எனப் பல கல் தொலைவு கொண்டுசெல்லல் வேண்டா. ஓரிடத்து ஆமையோடு நோயும் வேற்றிடம் செல்லும்.

வீட்டுக் கிணற்றில் விடுவது நம் ஊர்களில் நெடுநாள் வழக்கம். கல்லும் உறையும் கட்டிய கிணற்றில் ஏறி வெயில் காய இடமில்லை, முட்டையிட மண் இல்லை, துணை இல்லை. பல ஆண்டு உயிரோடு இருக்கலாம். இருப்பது வேறு, வாழ்வது வேறு. நாற்புறமும் செங்குத்தாய்ச் சுவர் எழுப்பிய குளங்களும் இத்தகையனவே. சரிந்த மண்கரையும் நீர்ச்செடிகளும் உள்ள இடமே தக்கது.

விடுவதற்கு ஏற்ற வேளை அந்திப்பொழுது. காகமும் கொக்கும் அடங்கியிருக்கும். நடுக்குளத்தில் எறியலாகாது. ஆழம் குறைந்த ஓரத்தில், செடிமறைவில், தரைமேல் வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். நீருக்குள் அது தானே நடந்து செல்லட்டும்.

நட்சத்திர ஆமையாயின், அதனை வீட்டிற்குள் கண்டால் எவரோ கொணர்ந்து வைத்திருந்து தப்பியதாகவும் இருக்கலாம். நாமே ஏதேனும் காட்டில் விடாது வனத்துறையினரிடம் ஒப்படைப்பது முறை. இவ்வினத்தை வளர்ப்புக்காகப் பிடித்து அயல்நாட்டிற்குக் கடத்தும் கொடுமை மிகுதி. ஆதலின் 2019ஆம் ஆண்டு உலக நாடுகள் கூடி இதன் பன்னாட்டு வணிகத்தை முதற்பட்டியலில் வைத்துத் தடுத்தன. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாலாமை இடம்பெற்றுள்ளது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நட்சத்திர ஆமையும் அதில் சேர்ந்தது. இவற்றைப் பிடித்தலும், வைத்திருத்தலும், விற்றலும் வாங்கலும் குற்றம். சட்டத்திற்கு அஞ்சிச் செய்வதினும் அறத்திற்கு அஞ்சிச் செய்வது மேலானது. எனினும் இரண்டும் இங்கே ஒன்றையே கூறுகின்றன.

இதனோடு ஒன்று. வலையில் பிடித்த ஆமையைக் காட்டி, "வாங்கி விடுங்கள், புண்ணியம்" என்று விற்க வருவோர் உளர். இரக்கத்தால் நாம் கொடுக்கும் பணம் மறுநாள் மேலும் நான்கு ஆமைகளைப் பிடிக்கச் செய்யும். அது செய்வித்தலாய் முடியும். அத்தகையோரைக் கண்டால் வனத்துறைக்கு அறிவிப்பதே உயிர்களுக்கு நன்மை.

நிறைவாக

அன்று மாலை பேரனும் அண்டை வீட்டுச் சிறுவர் மூவரும் உடன்வர, எம் ஊர் ஏரிக்குச் சென்றோம். பழமொழி கூறிய மூதாட்டியாரும் வந்தார். கோரைப்புல் அடர்ந்த ஓரத்தில் பேரனே குஞ்சை இறக்கி வைத்தான். சிறிது நேரம் அது தலையை உள்ளிழுத்தபடி கிடந்தது. பிள்ளைகள் ஓசை எழுப்பாது நின்றனர். பின்னர்க் குழல் மூக்கை நீட்டிப் பார்த்து, நான்கடி நடந்து, நீருக்குள் புகுந்து மறைந்தது.

"அது நம்மைத் திரும்பிப் பார்க்கவே இல்லையே, பாட்டி" என்றான் அவன்.

"பார்க்க வேண்டியதில்லை, அப்பா. கொடுத்ததற்கு ஈடு எதிர்பாராததுதான் தானம்" என்றோம்.

உணவு, மருந்து, நூல், அபயம் எனத் தானம் நால்வகைப்படும். பொருள் உடையவரே முதல் மூன்றையும் கொடுக்க முடியும் என எண்ணுவோர் உண்டு. அபயதானத்திற்கோ பொருள் வேண்டா. பிடித்த கையைத் திறந்தால் போதும். ஐம்பது ஆண்டுக்கு முன் வேப்பமரத்தடியில் எம்மைக் கேட்ட அச்சிறுமி இன்று எங்கோ பாட்டியாய் இருப்பாள். அவளுக்கு உரிய விடையையும் இதனோடு எழுதி முடிக்கின்றோம்: நல்லது செய்ய நினைத்தோம், அம்மா, விட்டிருந்தால் நல்லது செய்திருப்போம்.

சிறுவர்க்கான வினாக்கள்

1. ஆமையை இலாஞ்சனமாக உடைய தீர்த்தங்கரர் யார்? அவர் எத்தனையாவது தீர்த்தங்கரர்?

2. குளத்து ஆமை, நிலத்து ஆமை, கடல் ஆமை ஆகியவற்றின் கால்கள் எவ்வாறு வேறுபடும்? படம் வரைந்து காட்டுக.

3. பாலாமையின் அடையாளங்கள் மூன்றினைக் கூறுக.

4. கொல்லாமை விரதத்தின் அதிசாரங்கள் ஐந்தினையும் எழுதி, உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள ஓர் உயிரோடு பொருத்திக் காட்டுக.

5. நீரை வடித்த துணியைக் கையாளும் முறைக்கும், ஆமையை விடும் முறைக்கும் உள்ள ஒற்றுமை யாது? வீட்டுப் பெரியோரைக் கேட்டு எழுதுக.

ஜினதருமம் வாழ்க! எவ்வுயிரும் இன்புற்று வாழ்க!